மூன்று கோடு போட்ட கல்

அக்டோபர் 22, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மழை மூன்று நாளாகப் போக்குக் காட்டுகிறது. சர்க்கரை வெறும் வயிற்றில் 148. விஜயாவிடம் 128 என்று சொல்லியாகிவிட்டது.

கூட்டம் வழக்கம்போல ரத்தினபாண்டியின் இரும்புக்கடைப் பின்னறையில். நாலு பேரும் ஆஜர். நான், ர.பா., காயல்பட்டினத்திலிருந்து சாகுல் காக்கா, படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப் ஜெரால்டு. பழம்பொருள் பைத்தியம் பிடித்தவர்கள் இவ்வளவு பெரிய ஊரில் நாலு பேர்தானா என்று விஜயா கேட்பாள். போதும். ஐந்தாவது ஆள் வந்தால் ஐந்தாவது கருத்து வரும்.

இன்றைய பொருள், சா.கா. கொண்டுவந்த பித்தளைக் குப்பி. உள்ளங்கை அளவு, மூடியில் பொடிப்பொடியாக ஓட்டை. ர.பா.: மிளகுத்தூள் தூவ. ஜெ.: கோயிலில் தீர்த்தம் தெளிக்க. நான்: எழுதிய மை காய்வதற்கு மணல் தூவும் குப்பி. சா.கா. வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. பொருளைக் கொண்டுவந்தவரும் அவர் வீட்டாரும் பேசக் கூடாது என்பது முதல் விதி. வீட்டுக் கதை கலந்தால் பார்க்கிற கண் கெட்டுப்போகும் என்று இந்த விதியைப் போட்டதே நான்தான். இரண்டாவது விதி: யார் சொன்னது நிற்கிறதோ அவர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பொருளின் அடியில் ஒட்ட வேண்டும். மூன்றாவது: தப்பு என்று தெரிந்தால் எழுதிய கையே எல்லார் முன்னிலையிலும் சீட்டைக் கிழிக்க வேண்டும்.

ஆறு வருடத்தில் ர.பா. ஒன்பது கிழித்திருக்கிறார். சா.கா. நாலு. நான் இதுவரை ஒன்றுகூட இல்லை. வெளியே சொன்னால்தான் தற்பெருமை, இங்கே எழுதிக்கொள்ளலாம்.

மணல் குப்பி என்றே முடிவு. ஒட்டினேன்.

கலையும்போது ஜெ. ஒரு செய்தி சொன்னார். "கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு ஒரு எடம் தந்துட்டாரு பங்குச் சாமியாரு. கல்ல அங்கன வச்சு செபம் சொல்லி மந்திரிச்சிருவோம்னு சொல்லுதாரு."

எழுதி வைக்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை. ஜெ.யின் அப்பா மிக்கேல் முத்துக்குளித்தவர். அது நின்ற பிறகு சங்கு குளிக்கப் போனார். ஜெ.க்கு நாலு வயதில், போனவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறை கிடையாது. ஒவ்வொரு நவம்பர் 2-ம் தேதியும் ஊரெல்லாம் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இவர்கள் அம்மாவுக்குக் கல்லறையிலும் அப்பாவுக்குப் பொதுக் குருசடியின் சிலுவையடியிலும் ஏற்றிவிட்டு வருவார்கள். போன மார்ச்சில் அவர் வீட்டுப் புறவாசலில் கிடந்த ஒரு கல்லை நான் பார்த்தேன். முழங்கால் உயரம், அடி உருண்டை, தலையில் கயிறு போகிற துளை, பக்கத்தில் உளியால் போட்ட மூன்று கோடு. பார்த்தவுடனே சொல்லிவிட்டேன், முத்துக்குளிப்பவர் கால் வைத்து அடிக்கு இறங்குகிற கல் என்று. சீட்டும் ஒட்டினேன். இப்போது உடலுக்குப் பதில் அந்தக் கல்லைப் புதைத்து, தலைப்பாகம் மட்டும் வெளியே தெரிய, பேர் வெட்டி வைக்கப் போகிறார்கள்.

"உம்ம சீட்டு இல்லன்னா எங்கப்பாவுக்கு குழியே கெடையாதுவே" என்றார் ஜெ. என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு. பெருமையும்தான்.

வாங்க: பல்பு 1, பூச்சி மருந்து, விஜயாவுக்கு முதுகுவலித் தைலம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. ர.பா. கடையில் பொரிகடலை, அவல். தராசுக்கெல்லாம் சந்தனம்.

கூட்டம் குறைந்ததும் ர.பா. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகமே சரியில்லை. ஜெ. அனுப்பிய கல்லின் படத்தைத் தன் போனில் பெரிதாக வைத்திருந்தாராம். தருவைகுளம் ரோட்டு உப்பளத்தின் கங்காணி, பம்புக்கு வால்வு வாங்க வந்தவர், எட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"எங்க அளத்துக் கல்லு உங்க போன்ல எப்படி அண்ணாச்சின்னு கேக்கான்."

"எந்தக் கல்லு?"

"துலாக்கல்லாம். மோட்டார் வர முந்தி உப்புத்தண்ணி எறைக்க துலா போட்டிருப்பாவள்லா, அதுக்குப் பின்னால பாரத்துக்குக் கட்டுத கல்லு."

சிரித்தேன். துளை போட்ட கல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வரும் வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி ஜெ. அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

குலசை தசரா. ரோடு முழுக்க வேஷம் கட்டியவர்கள். காளி ஒருத்தர் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றார், என் முன்னால்.

மார்ச் மாதக் குறிப்பேட்டை எடுத்தேன். முத்துக்கல் என்று சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது?

1. துளையின் மேல்விளிம்பு கயிறு அறுத்துத் தேய்ந்திருக்கிறது. (துலாவில் தொங்கினாலும் அங்கேதான் தேயும்.)
2. அடி உருண்டை. (?)
3. எடை சுமார் பதினெட்டு கிலோ. (?)
4. மூன்று கோடு, படகு அடையாளம். (யார் சொன்னது? நான்.)
5. முத்துக்குளித்தவர் வீடு.

ஐந்தாவதுதான் மற்ற நாலையும் சுமந்துகொண்டு நிற்கிறது. இந்த ஊரில் ஓட்டை போட்ட கல் எதைப் பார்த்தாலும் முத்துக்கல் என்றுதான் நமக்கெல்லாம் முதலில் தோன்றும். வேறு ஊர்க்காரன் என்றால் கொஞ்சம் யோசித்திருப்பான்.

போனில் படம் காட்டித் தேடினேன். ஆட்டுக்கல் என்றது. இன்னொரு பக்கமிருந்து எடுத்த படத்தைக் காட்டினேன். நங்கூரம். மூன்றாவது தடவை ஏதோ ரொட்டி. மூடிவிட்டேன்.

சா.கா.வுக்குப் போன். "மூணு கோடு தோணி நம்பராவும் இருக்கலாம் தம்பி, அளத்துல தொட்டி நம்பராவும் இருக்கலாம். கல்லுக்கு வாயா இருக்கு?" என்றார். இதற்கு அவரைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம்.

அக்டோபர் 25, புதன்

வெயில். உப்பளத்துக்கு ர.பா.வோடு போனேன், அவர் வண்டியில். வெள்ளை கண்ணைக் குத்துகிறது. கண்ணாடியை மறந்துவிட்டேன்.

கங்காணி நல்ல மாதிரி. மோட்டார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். படியாகக் கற்கள் பதித்திருந்தார்கள். படுக்கப் போட்டு, பாதி சிமெண்டுக்குள். குனிந்து பார்த்தேன். உருண்டை அடி. துளை. ஒன்றில் ஒரு கோடு. அடுத்ததில் இரண்டு. அடுத்ததில் நாலு. அதற்கடுத்து ஐந்து.

திரும்பவும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து.

"மூணு எங்க?" என்று கேட்டேன்.

"அதத்தான் அண்ணாச்சி நானும் போன்ல பாத்தேன்" என்றார் கங்காணி.

உப்பு ஏற்றிய லாரி போகிற வரை காத்திருந்து ர.பா. வண்டியை எடுத்தார். திரும்பி வரும்போது புரோட்டாக் கடையில் நிறுத்தி, "சாப்பிடுதியளா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு நாலு தின்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

மழை, ஒருவழியாக. மாடியில் காயப்போட்ட மிளகாய் போயிற்று. என்மேல்தான் பழி.

நேற்று முழுக்க ஒரு வழி தேடினேன். முத்துக்குளிப்பு நின்ற பிறகு அந்தக் கற்களை உப்பளக்காரர்கள் வாங்கி, துலாவில் கட்டி, எண் போட்டிருக்கலாம் அல்லவா? நடக்காத காரியம் இல்லை. அப்படியானால் என் சீட்டும் சரி, கங்காணியும் சரி. அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு கேள்வி: அப்படியே இருந்தாலும் அது மிக்கேலின் கல் என்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அரை மணி நேர நிம்மதியும் போயிற்று.

முப்பத்து நாலு வருடம் கப்பல் ஏஜென்சியில் பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்குச் சீட்டு, அடித்தவன் நான். பெட்டியைத் திறந்து பார்க்காத சரக்குக்கு ‘செட் டு கண்டெயின்’ என்று முன்னால் போடாமல் ஒரு வரி எழுதியதில்லை. உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்கிறார்கள், நாங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று வார்த்தை எத்தனையோ வழக்கிலிருந்து ஆபீசைக் காப்பாற்றியிருக்கிறது. ஜெ. வீட்டுக் கல்லின் அடியில் என்ன எழுதினேன்? ‘முத்துக்குளிப்பவர் கல். ஐயமில்லை.’ ஐயமில்லை என்று வேறு எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை. அன்றைக்கு ஜெ. முகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன்.

விஜயாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கல்லு எப்படி வந்துச்சுன்னு அவங்க வீட்டுல யார்ட்டயாவது கேட்டியளா?"

"கேக்கக் கூடாது. விதி."

"நல்ல விதி" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மார்ச்சில், அந்தப் புறவாசலில், நான் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது ஜெ.யின் அக்கா மெற்றில்டா டீ கொண்டுவந்தார். "தம்பி, இது வந்து..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி, "அக்கா, நீங்க பேசப்படாது, எங்க சட்டம்" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

என்ன சொல்ல வந்தார்?

அக்டோபர் 29, ஞாயிறு

தூறல். கூட்டத்தில் யாரும் பொருள் கொண்டுவரவில்லை. ஜெ. மக்ரூன் வாங்கி வந்தார், எல்லாருக்கும் கால் கிலோ. புதன்கிழமை காலை பேர் வெட்டுகிற ஆள் வீட்டுக்கு வருகிறாராம். மறுநாள் வியாழன், மந்திரிப்பு. "நீங்க மூணு பேரும் முன்னால நிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார். கல்லறைத் தோட்டத்தில் அவரே நின்று புல் வெட்டுகிறார்.

அவர் போனதும் சண்டை.

சா.கா.: "கடல்ல போனவரு மையத்தே கெடைக்காத வூடு தம்பி. அம்பது வருசத்துக்கு மேல கழிச்சு அவருக்கு ஒரு கல்லு கெடச்சிருக்கு. அத நீங்க போயி புடுங்கப் போறியளா?"

ர.பா.: "காக்கா, கங்காணி வாய வச்சிக்கிட்டு சும்மா இருப்பானா? பேரு வெட்டிப் பொதச்சப் பொறவு தெரிஞ்சா ஜெரால்டு அண்ணன் மூஞ்சில முழிக்க முடியுமா?"

சா.கா.: "கங்காணிட்ட நான் பேசுதேன்."

ர.பா.: "கல்லுட்டயும் பேசுவியளா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சா.கா. சொன்னபோது அதுதான் சரி என்று பட்டது. ர.பா. சொன்னபோது அதுதான் சரி என்று பட்டது. உள்ளுக்குள் மூன்றாவதாக ஒரு குரல், கிழிக்காத சீட்டின் கணக்கைப் பற்றி. அதுதான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. வெட்கமாக இருக்கிறது, எழுதும்போதுகூட.

மக்ரூன் சர்க்கரைக்கு ஆகாது. தின்றேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஜெ. வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. சாயங்காலம் ஐந்து மணி.

கல்லைக் கழுவித் துடைத்துக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கீழே துண்டு விரித்து. ஜெ. அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சினைத் தொடுகிற கையால் துளையைத் தடவிக்கொண்டே பேசினார். "அப்பா மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லவே. படமும் கெடையாது. இந்தத் தொளைக்குள்ள வெரல வச்சா அவரு கையப் புடிச்ச மாதி இருக்கு."

மழை பற்றிப் பேசினேன். டெல்டாவில் நல்ல மழையாம் என்றேன். டெல்டாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா கேக் கொடுத்தார். வாசல் வரை வந்தார். எதையோ கேட்கப் போகிறவர் மாதிரி நின்றார். நானும் நின்றேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், வேறு யாருடையதோ. நாளை கொடுக்க வேண்டும்.

நவம்பர் 1, புதன்

எட்டு மணிக்கே போனேன். ர.பா. வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். சா.கா. வீடியோ காலில், எல்லார் முன்னிலையிலும் என்பதுதானே விதி. போனை ர.பா. பிடித்துக்கொண்டார்.

பேர் வெட்டுகிற ஆள் வந்துவிட்டார். கல்லில் சாக்கட்டியால் ‘மிக்கே’ வரை எழுதியிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெரால்டு, நிறுத்தச் சொல்லும். இது அப்பா கல்லு இல்ல."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன்."

"அப்ப முந்தி சொன்னது?"

"அதுவும் நாந்தான்."

ஒன்று, இரண்டு, நாலு, ஐந்தைச் சொன்னேன். உப்பளத்தில் எடுத்த படத்தைக் காட்டினேன். ஜெ. பார்க்கவில்லை. கல்லையே பார்த்தார். "உப்பளத்துக் கல்லுக்கு எங்க வீட்டுல என்னவே வேல?" என்றார். திரும்பினேன். அக்கா அடுக்களை நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இது எப்படி வந்துச்சு?"

ஏழு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அக்கா முந்தானையில் கை துடைத்தார். "அம்மா தூக்கியாந்தது" என்றார். "அப்பா போன பொறவு அம்மா அளத்துக்குத்தான போனா. பதினோரு வருசம் துலா இழுத்தா. மோட்டார் வந்து, இனி வராண்டாம்னுட்டாவ. அன்னைக்கு இந்தக் கல்ல அவுத்து தலையில வச்சிக்கிட்டு நடந்தா. நானும் கூட நடந்தேன், பாதி தூரம் நான் சொமந்தேன். என்னத்துக்கும்மான்னு கேட்டேன். இத்தன வருசம் நானும் இதுவுந்தான ஏறி எறங்கினோம், அங்கன விட்டுட்டு வர மனசில்லங்கா. இவன் அப்ப கொச்சியில ஒர்க்‌ஷாப்புல நின்னான்."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?" என்று ஜெ. கேட்டார்.

"சொன்னம்லா. அருணாசலம் தப்பாச் சொல்ல மாட்டாரு, ஒனக்குத்தான் மறந்துருக்கும்னியே." என் பேரைச் சொன்னபோதும் சண்டையாகச் சொல்லவில்லை, விலைவாசி சொல்வதுபோல் சொன்னார். "கையெழுத்தெல்லாம் போட்டு ஒட்டிருந்தாவ. எனக்கே, நாம சொமந்தது வேற கல்லோன்னு ஆயிப்போச்சு."

தலையில் சுமந்தவருக்கே தன் ஞாபகம் பொய்யாகிவிட்டது, என் ஒரு சீட்டால். அந்த இடத்திலேயே நான் இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்லைச் சாய்த்தோம். சீட்டு கிழிய மாட்டேன் என்றது. நல்ல பசை, நான் வாங்கியதுதான். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன். ‘ஐயமில்லை’ கடைசியில்தான் வந்தது. போனில் சா.கா. தலையைக் குனிந்துகொண்டார்.

புதுச் சீட்டை எழுத எனக்கு உரிமை இல்லை. பேனாவை அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஜெ.யைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுதினார்: ‘எங்க அம்மா இழுத்த கல்.’ கீழே பேர்.

"அப்ப பேரு வெட்டவா, வேண்டாமா?" என்று வெட்டுகிற ஆள் கேட்டார். ஜெ. புறவாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை.

செருப்பைக் கொடுத்துவிட்டேன். வெட்டுகிற ஆளுடையதாம், நேற்றே அளவு பார்க்க வந்து புறவாசலில் இருந்தாராம்.

நவம்பர் 2, வியாழன்

மழை இல்லை. போகலாமா வேண்டாமா என்று மத்தியானம் வரை. விஜயாதான் சட்டையை எடுத்து வைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சாமந்தி, ஊதுபத்தி, பிள்ளைகள் சத்தம். கல் அம்மாவின் கல்லறைத் தலைமாட்டில் இருந்தது. பேர் வெட்டவில்லை. சாக்கட்டி எழுத்து அழிந்திருந்தது. மூன்று கோடு மட்டும் பளிச்சென்று.

பத்தடி தள்ளி, அப்பாவுக்கு என்று கிடைத்த இடம். புல் வெட்டி, மணல் பரப்பி, மேலே ஒன்றும் இல்லாமல். சாமியார் வந்து அந்த வெறும் மணலையே மந்திரித்துவிட்டுப் போனார். ஜெ. அதன் ஓரத்தில் நின்றார். முகம் வீங்கியிருந்தது. ர.பா.வும் சா.கா.வும் அவருக்கு இரண்டு பக்கமும். நான் மதில் ஓரமாக, வேறு யாருடைய கல்லறைக்கோ வந்தவன் மாதிரி.

அவர்தான் என்னைப் பார்த்தார். வந்தார். கையில் ஒரு மெழுகுவர்த்தியைத் திணித்தார், ஏற்றாதது.

மணலைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன்.

"எங்கன வைக்கட்டும், ஜெரால்டு?"

"எங்கிட்ட கேக்காதியும்" என்றார். "அக்காட்ட கேளும்."

அக்கா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்கப் போனேன்.